உங்கள் வீட்டுக் கவுன்சில் டாக்ஸ் பேண்ட் சரிதானா? இங்கிலாந்துக்குப் புதிதாக வந்தவர்களுக்கு

இங்கிலாந்தில் வாடகை வீட்டுக்குக் குடிவந்து சில வாரங்களில் கவுன்சிலிலிருந்து, அதாவது உள்ளூராட்சியிலிருந்து, ஒரு கடிதம் வரும். பிரித்தால் வருடத்துக்கு இரண்டாயிரம் பவுண்டுக்குப் பக்கமாக ஒரு தொகை, மேலே உங்கள் பெயர். "வீடே என்னுடையது இல்லையே, வீட்டுக்காரருக்கு வர வேண்டியது தவறி எனக்கு வந்துவிட்டது" என்று தோன்றும். நானும் அப்படி நினைத்து அதைப் படம் எடுத்து வீட்டுக்காரருக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பியவன்தான். அவர் ஒரு சிரிப்புப் பொம்மையை மட்டும் பதிலாக அனுப்பினார். நம் ஊரில் சொத்து வரி என்றால் அது உரிமையாளர் பாடு, அரையாண்டுக்கு ஒருமுறை மாநகராட்சியில் அவர் கட்டுவார், குடியிருப்பவருக்கு அது எவ்வளவு என்றுகூடத் தெரியாது. இங்கே அப்படி இல்லை. முழு வீட்டை வாடகைக்கு எடுத்துக் குடியிருந்தால் கவுன்சில் டாக்ஸ் கட்ட வேண்டியது நீங்கள்.

சரி, கட்டித்தான் ஆக வேண்டும். ஆனால் கட்டுகிற தொகை சரியா? பில்லில் உங்கள் பெயருக்குப் பக்கத்தில் எங்காவது "பேண்ட் டி" என்றோ "பேண்ட் இ" என்றோ ஓர் எழுத்து இருக்கும். வீடு எந்த விலைப் படியில் வருகிறது என்பதைக் குறிக்கும் அந்த எழுத்துதான் எல்லாவற்றையும் தீர்மானிக்கிறது, அது தப்பாக இருக்கவும் வாய்ப்பு உண்டு. அதைச் சோதித்துப் பார்ப்பதற்கும் எதிர்த்துக் கேட்பதற்கும் ஒரு பைசா செலவில்லை. ஆனால் சோதிக்காமல் கேட்டால் வேலியில் போன ஓணானை எடுத்து மடியில் கட்டிக்கொண்ட கதையாகிவிடும், ஏனென்றால் பேண்ட் இறங்குவதைப் போலவே ஏறவும் செய்யும். அதனால் இந்தக் கட்டுரையில் பெரும்பகுதி மனு எழுதுவதற்கு முன் செய்ய வேண்டிய வேலையைப் பற்றித்தான்.

அந்த எழுத்து எங்கிருந்து வந்தது

பேண்டுக்கு இன்றைய விலையோடு சம்பந்தமே இல்லை. இங்கிலாந்தில் 1991 ஏப்ரல் 1 அன்று அந்த வீடு விற்பனைக்கு வந்திருந்தால் என்ன விலைக்குப் போயிருக்கும் என்பதுதான் கணக்கு. போன வருடம் கட்டி முடித்த அபார்ட்மெண்டுக்கும் அதே 1991 கணக்குதான். அன்று அது வெறும் நிலமாக இருந்திருக்கலாம், பரவாயில்லை, அன்றே இருந்ததாக வைத்துக்கொண்டு மதிப்பு போடுவார்கள்.

இதற்குப் பின்னால் ஒரு சின்ன வரலாறு இருக்கிறது. அதற்கு முன் தலைக்கு இவ்வளவு என்று வாங்கிய போல் டாக்ஸ் வரிக்கு எதிராக 1990 மார்ச் 31 அன்று லண்டன் டிரஃபால்கர் சதுக்கத்தில் பெரிய கலவரமே நடந்தது. அதை எடுத்துவிட்டு 1993 ஏப்ரலில் கவுன்சில் டாக்ஸ் கொண்டுவந்தார்கள். அதற்குள் நாட்டில் உள்ள வீடுகள் அத்தனைக்கும் விலை போட்டாக வேண்டும். அவசரத்தில் எஸ்டேட் ஏஜெண்டுகளையும் கூலிக்கு அமர்த்தினார்கள். பல தெருக்களில் காரில் போய்க்கொண்டே, இறங்காமலே, வீட்டை வெளியிலிருந்து பார்த்து எழுத்துப் போட்டுக்கொண்டு போனதால் "இரண்டாவது கியர் மதிப்பீடு" என்று அதற்குப் பட்டப்பெயரே வந்துவிட்டது. அன்று போட்டதை இங்கிலாந்தில் இன்றுவரை மொத்தமாகத் திருத்தவே இல்லை. ஒரே மாதிரி வரிசை வீடுகளில் உங்களுடையது மட்டும் ஒரு எழுத்து தள்ளி நிற்பதற்கு இதுதான் பெரும்பாலும் காரணம்.

இங்கிலாந்தின் எல்லைகள், 1991 விலையில்: 40,000 பவுண்ட் வரை ஏ, 52,000 வரை பி, 68,000 வரை சி, 88,000 வரை டி, 1,20,000 வரை இ, 1,60,000 வரை எஃப், 3,20,000 வரை ஜி, அதற்கு மேல் எச். வரி விகிதம் டி பேண்டை ஒன்பது பங்காக வைத்து நடக்கிறது. ஏ ஆறு பங்கு, பி ஏழு, சி எட்டு, டி ஒன்பது, இ பதினொன்று, எஃப் பதின்மூன்று, ஜி பதினைந்து, எச் பதினெட்டு.

2025-26 நிதியாண்டில் இங்கிலாந்தில் டி பேண்டின் சராசரி 2,280 பவுண்ட். அப்படியானால் டியிலிருந்து சிக்கு இறங்கினால் வருடத்துக்குச் சுமார் 253 பவுண்ட் மிச்சம். இயிலிருந்து டிக்கு இறங்கினால் 507. ஒரு தடவை இறங்கிவிட்டால் அந்த வீட்டில் இருக்கும் வரை ஒவ்வொரு வருடமும் மிச்சம், போதாததற்கு நீங்கள் கட்ட ஆரம்பித்த நாளிலிருந்து கூடுதலாகக் கட்டியதும் திரும்பி வரும். (சராசரி என்பதை அப்படியே எடுத்துக்கொள்ளாதீர்கள், கவுன்சிலுக்குக் கவுன்சில் தொகை மாறும், உங்கள் பில்லில் இருக்கும் தொகையைப் பங்கால் வகுத்துப் பாருங்கள்.)

யாரிடம் கேட்பது

இங்கேதான் நிறையப் பேர் ஒரு மாதத்தை வீணாக்குகிறார்கள். பில் அனுப்புவது, பணம் வாங்குவது, தள்ளுபடி தருவது எல்லாம் கவுன்சில். ஆனால் பேண்ட் போடுவது கவுன்சில் இல்லை. இங்கிலாந்திலும் வேல்ஸிலும் அது எச்.எம்.ஆர்.சி. எனப்படும் வரித்துறையின் மதிப்பீட்டுப் பிரிவின் வேலை, வேல்யுவேஷன் ஆபீஸ் ஏஜென்சி என்ற பெயரை வைத்துப் பேச்சுவழக்கில் வி.ஓ.ஏ. கவுன்சிலுக்குப் போன் போட்டு "என் பேண்ட் தப்பு" என்றால் அவர்கள் மரியாதையாகக் கேட்டுக்கொண்டு வி.ஓ.ஏ.விடம் போங்கள் என்று சொல்லிவிடுவார்கள். அதே மாதிரி "நான் தனியாக இருக்கிறேன், தள்ளுபடி வேண்டும்" என்று வி.ஓ.ஏ.விடம் போனாலும் பயனில்லை.

பேண்டைத் தொடுவதற்கு முன்னால்

தள்ளுபடியை முதலில் பாருங்கள். பேண்ட் மனுவுக்கு மாதக்கணக்கில் ஆகும், தள்ளுபடிக்குப் பெரும்பாலும் ஒரு ஆன்லைன் படிவம் போதும். வீட்டில் வயதுக்கு வந்தவர் ஒருவர் மட்டும் என்றால் 25 சதவீதம் குறையும். வீட்டில் எல்லாரும் முழுநேர மாணவர்கள் என்றால் வரியே கிடையாது. ஒருவர் வேலைக்குப் போகிறவர், மற்றவர் முழுநேர மாணவர் என்றால் மாணவரைக் கணக்கில் சேர்க்க மாட்டார்கள், ஆக மீண்டும் 25 சதவீதத் தள்ளுபடி. மாணவர் விசாவில் வந்தவரின் கணவரோ மனைவியோ, விசா நிபந்தனையால் வேலை செய்யவோ அரசு உதவித்தொகை பெறவோ தடை உள்ளவராக இருந்தால் அவரையும் கணக்கில் சேர்க்கக் கூடாது என்று ஒரு விதி இருக்கிறது. இரண்டில் ஒரு தடை இருந்தாலே போதும், இதைப் பல கவுன்சில் ஊழியர்களே கவனிப்பதில்லை, விசாக் கடிதத்தை இணைத்து எழுதிக் கேளுங்கள்.

இன்னொரு விஷயம், விசாவில் "அரசு நிதி உதவி கிடையாது" என்று இருப்பவர்கள் பயந்துபோய் எதையுமே கேட்பதில்லை. வருமானம் குறைவு என்பதற்காகத் தரும் கவுன்சில் டாக்ஸ் ரிடக்‌ஷன் அந்தத் தடைக்குள் வருகிறது, அதை நீங்கள் கேட்கக் கூடாது. ஆனால் தனி ஆள் தள்ளுபடி, மாணவர் விலக்கு இவை அதில் வராது. பேண்டை எதிர்த்துக் கேட்பதும் வராது. தைரியமாகக் கேட்கலாம்.

வீட்டில் உடல் ஊனமுற்றவர் ஒருவர் இருந்து, அவருக்காகவே தனி அறையோ கூடுதல் குளியலறையோ, வீட்டுக்குள் சக்கர நாற்காலி ஓட்டுவதற்கான இடமோ இருந்தால், ஒரு பேண்ட் கீழே இருப்பதாக வைத்து பில் போடுவார்கள். இதையும் கவுன்சிலிடம்தான் கேட்க வேண்டும்.

முதல் சோதனை: அக்கம்பக்கம்

அரசின் கவ்.யூகே தளத்தில் கவுன்சில் டாக்ஸ் பேண்ட் பார்க்கும் பக்கம் இருக்கிறது. போஸ்ட்கோட் போட்டால் உங்கள் தெருவே வரிசையாக வந்துவிடும், வீட்டு எண், பேண்ட் இரண்டும். யார் வீட்டுப் பேண்ட் என்னவென்பது இங்கே ரகசியமே இல்லை. பக்கத்துத் தெரு போஸ்ட்கோடையும் போட்டுப் பாருங்கள்.

இப்போது உங்கள் வீட்டைப் போலவே இருக்கும் வீடுகளை மட்டும் பொறுக்கி எடுக்க வேண்டும். "போலவே" என்பதில்தான் எல்லாமே இருக்கிறது. இரண்டு பக்கமும் சுவர் ஒட்டிய நடு வீட்டை, ஒரு பக்கம் மட்டும் ஒட்டிய கடைசி வீட்டோடு ஒப்பிடக் கூடாது. இரட்டை வீட்டைத் தனி வீட்டோடு ஒப்பிடக் கூடாது. கராஜ் உள்ள வீடும் இல்லாத வீடும் ஒன்றில்லை. 1930-களில் கட்டியதும் 1970-களில் கட்டியதும் ஒன்றில்லை. படுக்கையறை எண்ணிக்கையை மட்டும் நம்பாதீர்கள், மூன்று படுக்கையறை என்று சொல்லும் இரண்டு வீடுகளில் ஒன்று இன்னொன்றைவிடக் கால் பங்கு பெரிதாக இருக்கும்.

பரப்பளவு தெரிய ஒரு சுலபமான வழி இருக்கிறது. வீட்டை விற்கவோ வாடகைக்கு விடவோ எரிசக்திச் சான்றிதழ், அதாவது இ.பி.சி., எடுத்தாக வேண்டும். அந்தச் சான்றிதழ்கள் போஸ்ட்கோட் வாரியாகப் பொதுவில் இலவசமாகக் கிடைக்கின்றன, ஒவ்வொன்றிலும் மொத்தப் பரப்பளவு சதுர மீட்டரில் இருக்கும். உங்கள் வீடு 84 சதுர மீட்டர், பக்கத்து வீடுகள் 83, 85, 84 என்றிருந்து அவர்களெல்லாம் சி, நீங்கள் மட்டும் டி என்றால், உங்கள் கையில் விஷயம் இருக்கிறது. வி.ஓ.ஏ. வீடுகளை வெளிப்புறமாகவும் ஃப்ளாட்டுகளை உட்புறமாகவும் அளக்கிற பழக்கம் உள்ளதால் அவர்கள் சொல்லும் எண்ணும் இ.பி.சி. எண்ணும் அப்படியே பொருந்தாது. ஆனால் வீட்டுக்கு வீடு ஒப்பிட இது தாராளமாகப் போதும். ரைட்மூவ், ஜூப்லா தளங்களில் பழைய விற்பனை விளம்பரங்களில் தரைவரைபடம் கிடைத்தால் இன்னும் நல்லது.

பின்பக்கம் நீட்டிக் கட்டிய சமையலறை, மாடிக் கூரைக்குள் போட்ட லாஃப்ட் அறை, இவற்றில் ஒரு நுணுக்கம் இருக்கிறது. உரிமையாளர் வீட்டைப் பெரிதாக்கினால் உடனே பேண்ட் ஏறாது. அந்த வீடு அடுத்து கைமாறும்போதுதான் மறுபடி பார்ப்பார்கள். அதுவரை பட்டியலில் அந்த வீட்டுக்கு நேரே "மேம்பாடு" என்று ஒரு குறிப்பு மட்டும் இருக்கலாம். அதனால் பக்கத்து வீட்டில் பெரிய லாஃப்ட் இருந்தும் சி என்றால் அவர் இன்னும் வீட்டை விற்கவில்லை என்று அர்த்தமாக இருக்கலாம். அந்த லாஃப்ட்டை விட்டுவிட்டு மற்றதை ஒப்பிடுங்கள். உங்கள் வீடு லாஃப்ட் போட்ட பிறகு விற்கப்பட்டிருந்தால் உங்கள் டி நியாயமானதாகவே இருக்கலாம்.

இப்போது எண்ணிக்கை. உங்களைப் போன்ற பத்து வீட்டில் எட்டு சி, நீங்கள் டி: நல்ல அறிகுறி. பத்தில் ஒன்பது டி, ஒன்று மட்டும் சி: தப்பு அந்த ஒன்றில்தான் இருக்கிறது. அதை ஆதாரமாகக் காட்டினால் உங்களுக்கு ஒன்றும் குறையாது, அந்த வீட்டுக்காரருக்கு டி வரும். அதன் பிறகு வேலிக்கு அந்தப் பக்கமிருந்து உங்களுக்குப் பேச்சு இருக்காது.

இரண்டாவது சோதனை: 1991 விலை

முதல் சோதனை மட்டும் போதாது. உங்கள் டி சரியாக இருந்து, அக்கம்பக்கத்து சி எல்லாமே தவறாக இருந்தால்? கேள்வி கேட்டவுடன் தெருவையே ஏற்றிவிடும் ஆபத்து உண்டு. எல்லா இடத்திலும் அப்படி நடப்பதில்லை, ஆனால் சட்டப்படி அவர்களால் முடியும். அதனால் விலைக் கணக்கையும் பார்த்துவிட வேண்டும். இந்த இரட்டைச் சோதனை முறையை இங்கே பிரபலமாக்கியவர் பணவிவகார எழுத்தாளர் மார்ட்டின் லூயிஸ், அதற்குப் பிறகு ஏராளமானவர்கள் இதே வழியில் போயிருக்கிறார்கள்.

இங்கிலாந்திலும் வேல்ஸிலும் 1995-இலிருந்து நடந்த வீட்டு விற்பனை விலை நிலப்பதிவேட்டின் (லேண்ட் ரெஜிஸ்ட்ரி) தளத்தில் இலவசமாக இருக்கிறது. உங்கள் வீடு கடைசியாக விற்ற விலையைப் பார்க்காதீர்கள், கிடைப்பதிலேயே பழைய விலையைப் பாருங்கள். உங்கள் வீடு 1996-இல் விற்றிருந்தால் உங்களுக்கு அதிர்ஷ்டம். ஏனென்றால் 1991-க்குப் பிறகு இங்கே வீட்டு விலை இறங்கி, சில வருடங்கள் அப்படியே கிடந்து, 1996 வாக்கில்தான் மெல்ல ஏற ஆரம்பித்தது. 1995-96 விலைக்கும் 1991 விலைக்கும் பல இடங்களில் பெரிய தூரம் இல்லை. உங்கள் வீடு இல்லாவிட்டால் அதே வரிசையில் அதே அளவுள்ள இன்னொரு வீட்டின் விற்பனை போதும்.

நேஷன்வைடு பில்டிங் சொசைட்டி தளத்தில் வீட்டு விலைக் கணக்குக் கருவி ஒன்று இருக்கிறது. விற்ற விலை, விற்ற காலாண்டு, எந்த மண்டலம் என்று கொடுத்து 1991 ஏப்ரலை ஒட்டிய காலாண்டைக் கேட்டால் ஓர் எண் சொல்லும். அந்த எண்ணை மேலே சொன்ன எல்லைகளோடு வையுங்கள். 61,000 என்று வந்து நீங்கள் டியில் இருந்தால் சோதனை தேறியது, சியின் உச்சவரம்பு 68,000-க்கு நன்றாகக் கீழே இருக்கிறது. 67,000 அல்லது 70,000 என்று வந்தால் எல்லைக்கோட்டில் நிற்கிறீர்கள், மண்டலச் சராசரியை வைத்துப் போடும் கணக்கில் பத்து சதவீதப் பிசகு சாதாரணம், அதை நம்பி இறங்க வேண்டாம். 80,000 வந்தால் பேசாமல் மூடிவைத்துவிட்டு வேறு வேலையைப் பாருங்கள்.

முக்கியமாக ஒன்று: இந்தக் கணக்கு உங்களுக்காக மட்டும். வி.ஓ.ஏ.விடம் இதை ஆதாரமாகக் கொடுக்காதீர்கள், சராசரி விலைக் கணக்குகளை அவர்கள் ஏற்பதில்லை. அவர்கள் கேட்பது தனித்தனி வீடுகளின் உண்மையான விற்பனை விலை, அதுவும் இங்கிலாந்தில் 1989 ஏப்ரல் 1 முதல் 1993 மார்ச் 31 வரைக்குள். அது நிலப்பதிவேட்டின் தளத்தில் இருக்காது. அந்தக் காலத்திலேயே வாங்கி இன்றும் அதே தெருவில் இருக்கும் பெரியவர்கள் இருந்தால் அவர்களிடம் பத்திரம் இருக்கும், ஒரு கப் டீயோடு கேட்டால் பலர் சந்தோஷமாகவே எடுத்துக் காட்டுவார்கள். கிடைக்காவிட்டால் விட்டுவிடுங்கள், முதல் சோதனையில் கிடைத்த வீடுகளே முக்கிய ஆதாரம்.

இரண்டு சோதனையும் தேறினால் மேலே போங்கள். ஒன்று மட்டும் தேறினால் நான் போக மாட்டேன்.

எந்த வழியில் கேட்பது

இரண்டு வழி இருக்கிறது, இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் தெரியாமல் பலர் நல்ல வாய்ப்பைத் தவறவிடுகிறார்கள்.

அந்த வீட்டுக்கு நீங்கள் கவுன்சில் டாக்ஸ் கட்ட ஆரம்பித்து ஆறு மாதம் ஆகவில்லை என்றால் உங்களுக்கு முறைப்படி ஆட்சேபிக்கும் உரிமை இருக்கிறது. இதை இங்கே புரொபோசல் என்பார்கள். வி.ஓ.ஏ. இதற்கு முடிவு சொல்லியே ஆக வேண்டும், முடிவு பிடிக்காவிட்டால் தீர்ப்பாயத்துக்குப் போகலாம். வி.ஓ.ஏ. சமீபத்தில் உங்கள் பேண்டை மாற்றியிருந்தாலும் அந்த மாற்றத்திலிருந்து ஆறு மாதம் இந்த உரிமை உண்டு. வீட்டில் ஒரு பகுதியை இடித்துவிட்டார்கள், வீட்டை ஃப்ளாட்டுகளாகப் பிரித்துவிட்டார்கள், ஒரு பகுதி கடையாகிவிட்டது, பக்கத்தில் புதிய பெருஞ்சாலை வந்து சுற்றுப்புறமே மாறிவிட்டது, இப்படி ஏதாவது நடந்திருந்தால் ஆறு மாதக் கெடு இல்லாமலும் கேட்கலாம். வாடகைக்கு இருப்பவரும் கேட்கலாம், வரி கட்டுபவர் நீங்கள்தானே, வீட்டுக்காரரின் அனுமதி தேவையில்லை. ஆனால் சொல்லிவிடுவது மரியாதை, பேண்ட் ஏறினால் அடுத்து அந்த வீட்டுக்கு வருபவர்களையும் அது பாதிக்கும்.

ஆறு மாதம் தாண்டிவிட்டதா? அப்போது பேண்ட் ரிவ்யூ என்ற மறுபார்வைதான். ஆதாரம் வலுவாக இருந்தால் பார்ப்பார்கள், இல்லாவிட்டால் எடுத்துக்கொள்ளாமலே திருப்பிவிடுவார்கள். முடிவு பாதகமாக வந்தால் தீர்ப்பாயத்துக்குப் போக முடியாது. அதனால் புதிதாகக் குடிவந்தவர்கள் பெட்டி பிரித்து முடித்தவுடன் இதைப் பார்த்துவிடுங்கள். "அப்புறம் பார்க்கலாம்" என்று வைத்த என் நண்பர் ஒருவர், எட்டாவது மாதம் ஆதாரங்களை அடுக்கிக்கொண்டு உட்கார்ந்தபோதுதான் கெடு முடிந்தது தெரிந்து தலையில் கை வைத்தார். மறுபார்வையில் அவருக்குக் காரியம் நடந்துவிட்டது என்பது வேறு விஷயம், ஆனால் கையில் உரிமையாக இருந்ததைத் தயவாகக் கேட்க வேண்டியதாகிவிட்டது.

மனுவில் என்ன எழுதுவது

பேண்ட் பார்த்த அதே பக்கத்தில் உங்கள் வீட்டைச் சொடுக்கினால் "இந்தப் பேண்ட் தவறு என்று நினைக்கிறீர்களா" என்ற வகையில் வழி காட்டும். படிவத்தை ஆன்லைனிலேயே நிரப்பலாம்.

ஒப்பீட்டுக்கு ஐந்து வீடுகள் வரை கேட்பார்கள். இருபது வீட்டைக் கண்டுபிடித்திருந்தாலும் அதில் மிகச் சிறந்த நான்கைந்தை மட்டும் கொடுங்கள். பலவீனமான ஒன்றைச் சேர்த்தால் அதைப் பிடித்துக்கொண்டு மொத்தத்தையும் தள்ளிவிடுவார்கள். ஒவ்வொன்றுக்கும் முழு முகவரி, பேண்ட், வீட்டு வகை, கட்டிய காலம், இ.பி.சி. பரப்பளவு, கராஜ் உண்டா இல்லையா, உங்கள் வீட்டிலிருந்து எவ்வளவு தூரம், இவற்றை ஒரு வரியாக எழுதுங்கள். பிறகு உங்கள் வீட்டுக்கும் அதே விவரங்கள். கடைசியில் ஒரே ஒரு வாக்கியம்: இந்த வீடுகள் வகை, வயது, அளவு மூன்றிலும் என் வீட்டைப் போன்றவை, இவை சியில் இருக்கின்றன, எனவே என் வீடும் சியில் இருக்க வேண்டும். அவ்வளவுதான்.

எழுதக் கூடாதவையும் இருக்கின்றன. வரி அதிகமாக இருக்கிறது, சம்பளம் போதவில்லை, குப்பை ஒழுங்காக எடுப்பதில்லை, தெருவிளக்கு எரிவதில்லை, வீட்டில் ஈரம் பிடித்துச் சுவர் கறுத்துவிட்டது. எல்லாம் உண்மையாக இருக்கும், படிக்கும் அதிகாரிக்கு இரக்கம்கூட வரலாம், ஆனால் 1991-இல் அந்த வீட்டின் விலை என்ன என்ற கேள்விக்கு இதில் எதுவும் பதில் இல்லை. இன்றைய விலையைப் பற்றியும் பேசாதீர்கள். "என் வீடு நான்கு லட்சம்தான், பக்கத்து வீடு ஐந்து லட்சம்" என்பது அவர்களுக்குத் தேவையில்லாத தகவல்.

அனுப்பிய பிறகு வரும் உறுதிக் கடிதத்தையும் எண்ணையும் பத்திரமாக வையுங்கள். முடிவு வரும் வரை பழைய தொகையைக் கட்டிக்கொண்டே இருங்கள், இதைத் தடித்த எழுத்தில் எழுத முடிந்தால் எழுதியிருப்பேன். வழக்கு நடக்கிறது என்று நிறுத்தினால் முதலில் நினைவூட்டல் வரும், பிறகு மாதத் தவணை வசதி போய் ஆண்டின் மீதி முழுவதையும் ஒரேயடியாகக் கேட்பார்கள், அதற்கும் பிறகு மாஜிஸ்திரேட் நீதிமன்றத்திலிருந்து சம்மன். தவணை பாரமாக இருந்தால் வழக்கமான பத்து மாதத்துக்குப் பதில் பன்னிரண்டு மாதமாகப் பிரித்துத் தரும்படி கவுன்சிலிடம் கேட்கலாம்.

முடிவு பாதகமாக வந்தால், நீங்கள் போனது புரொபோசல் வழி என்றால், முடிவுக் கடிதத்திலிருந்து மூன்று மாதத்துக்குள் வேல்யுவேஷன் ட்ரிப்யூனலுக்குப் போகலாம். கட்டணம் இல்லை, வக்கீல் தேவையில்லை. நீதிமன்றம் என்றதும் கறுப்பு அங்கியைக் கற்பனை செய்துகொள்ள வேண்டாம், வி.ஓ.ஏ. தரப்பில் ஒருவர் அவர்கள் ஒப்பிட்ட வீடுகளைச் சொல்வார், நீங்கள் உங்களுடையதைச் சொல்வீர்கள், கேட்டுத் தீர்ப்புச் சொல்வார்கள். வி.ஓ.ஏ. காட்டும் வீடுகளை முன்கூட்டியே வாங்கிப் பார்த்து, அவற்றில் எது உங்கள் வீட்டைவிடப் பெரிது என்று கண்டுபிடிப்பதுதான் அங்கே நீங்கள் செய்யக்கூடிய நல்ல தயாரிப்பு. உங்களுக்கு முன் அங்கே இருந்தவர் இதே காரணத்தைச் சொல்லித் தீர்ப்பாயம் ஏற்கெனவே முடிவு செய்திருந்தால் அதையே மறுபடி கிளப்ப முடியாது.

இங்கிலாந்துக்கு வெளியே

வேல்ஸில் பேண்ட் ஏ முதல் ஐ வரை ஒன்பது. அங்கே 2005-இல் மறுமதிப்பீடு நடந்தது, கணக்கு நாள் 2003 ஏப்ரல் 1. ஆதார விற்பனைகள் 2001 ஏப்ரல் முதல் 2005 மார்ச் வரை, அதனால் நிலப்பதிவேட்டுத் தளத்திலேயே கிடைத்துவிடும், இங்கிலாந்துக்காரர்களைவிட உங்களுக்கு வேலை சுலபம். ஸ்காட்லாந்தில் நாள் அதே 1991, ஆனால் எல்லைகள் குறைவு (டி என்பது 45,000-க்கு மேல் 58,000 வரை), பேண்ட் போடுவது வி.ஓ.ஏ. இல்லை, அந்தந்தப் பகுதி அசெஸர். வட அயர்லாந்தில் கவுன்சில் டாக்ஸே கிடையாது, வேறொரு முறையில் ரேட்ஸ் என்ற சொத்து வரி வாங்குகிறார்கள்.

சில ஒட்டுக் கேள்விகள்

பகிர்ந்து வாழும் வீட்டில் ஓர் அறை எடுத்திருக்கிறீர்கள், அறைக்குத் தனிப் பேண்ட் போட்டு பில் வந்திருக்கிறது என்றால் உடனே கேளுங்கள். 2023 டிசம்பர் 1 முதல் இங்கிலாந்தில் எச்.எம்.ஓ. எனப்படும் பலர் பகிரும் வீடுகளை ஒரே வீடாகத்தான் கணக்கிட வேண்டும், வரி உரிமையாளர் பொறுப்பு.

அம்மா அப்பா வந்து தங்குவதற்கென்று தோட்டத்தில் தனிச் சமையலறையோடு ஓர் அறை கட்டும் யோசனை இருந்தால் ஜாக்கிரதை. தனியாகக் குடியிருக்கும்படி எல்லா வசதியும் இருந்தால் அதற்கே தனிப் பேண்ட் விழும். குடும்பத்தினர் குடியிருந்தால் இங்கிலாந்தில் அதற்குப் பாதித் தள்ளுபடி கிடைக்கும், ஆனால் கேட்டால்தான் கிடைக்கும்.

"எல்லா வீட்டுக்கும் மறுமதிப்பீடு வருகிறது" என்று குடும்பக் குழுக்களில் சுற்றும் செய்தியைப் பார்த்துப் பதறாதீர்கள். 2025 நவம்பர் பட்ஜெட்டில் அறிவித்தது இங்கிலாந்தில் 20 லட்சம் பவுண்டுக்கு மேல் மதிப்புள்ள வீடுகளுக்கு 2028 ஏப்ரலிலிருந்து ஒரு கூடுதல் வரி. அந்த வகை வீட்டில் இருப்பவர் இந்தக் கட்டுரையை இவ்வளவு தூரம் படித்திருக்க மாட்டார்.

இனி போன் அழைப்புகள். "உங்கள் பேண்ட் தவறு, நாங்கள் பணம் வாங்கித் தருகிறோம், கிடைப்பதில் இத்தனை சதவீதம் எங்களுக்கு" என்று கூப்பிடுவார்கள். சிலர் அரசு அலுவலகத்திலிருந்து பேசுவது போலவே பேசுவார்கள். வி.ஓ.ஏ. எதற்கும் கட்டணம் வாங்குவதில்லை, போனில் வங்கி விவரமும் கேட்காது. ஏஜெண்ட் செய்வது நீங்கள் ஒரு சனிக்கிழமை மதியம் செய்யக்கூடிய அதே வேலைதான், அதிலும் பலர் முதல் சோதனையோடு நிறுத்திவிடுவார்கள், பேண்ட் ஏறினால் அவர்களுக்கு நஷ்டமில்லை.

பேண்ட் இறங்கியதும் வி.ஓ.ஏ. உங்களுக்கும் கவுன்சிலுக்கும் தெரிவிக்கும், அதன் பிறகு பணம் கவுன்சிலின் கையில். புதிய பில் போட்டு, கூடுதலாகக் கட்டியதைப் பெரும்பாலும் அடுத்த தவணைகளில் கழித்துக்கொள்ளப் பார்ப்பார்கள். வங்கிக் கணக்குக்கே வேண்டும் என்றால் எழுதிக் கேளுங்கள். வீடு மாறிப் போயிருந்தால் கட்டாயம் கேளுங்கள், பழைய கணக்கில் அது யாரும் தேடாமல் கிடக்கும். அடுத்த மாதம் டைரக்ட் டெபிட்டில் பழைய தொகையே போயிருந்தால் அன்றைக்கே போன் செய்யுங்கள், இந்தத் தடவை கூப்பிட வேண்டியது கவுன்சிலைத்தான்.